பரிவட்டம் கட்டிய நாற்காலி

குமரா, செல்வி, உங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். வாட்சப்பில் தட்டினால் பாதியிலேயே விரல் வலிக்கிறது. பேசி அனுப்பலாம் என்றால், உங்கள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் திருத்துகிறாள். அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

செனாவாங் தொழிற்சாலையில் குமரனை சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள் என்ற செய்தி குடும்பக் குழுவில் வந்தது. நாங்கள் வாழ்த்துச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த செய்தியும் வந்துவிட்டது. "அப்பா, காலையில மீட்டிங்ல நான் சொல்றதுக்கு ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்றான். சரி, ஒத்துக்கிட்டாங்கன்னு வந்தா, ஒண்ணும் நடக்கல லா. நீங்க எப்படி மண்டோரா இருந்தீங்க?"

நான் பதில் யோசிப்பதற்குள் செல்வி முந்திக்கொண்டாள். பல்கலைக்கழகத்தில் அரசியல் சிந்தனை படிக்கிறாள் அல்லவா, குரலிலேயே ஒரு பாடம் அனுப்பினாள். மனிதர்கள் ஒருவருக்கொருவர் பயந்து எல்லா அதிகாரத்தையும் ஒருவன் கையில் கொடுத்தார்கள் என்றாராம் ஒரு பழைய அறிஞர். அப்படியில்லை, ஆளப்படுபவன் சம்மதிக்காமல் ஆட்சியே இல்லை, ஆனால் ஒருவன் ஒரு நாட்டின் சாலையில் முணுமுணுக்காமல் நடந்தாலே அவன் சம்மதித்ததாகத்தான் அர்த்தம் என்றாராம் இன்னொருவர். அதற்கும் முந்திய காலத்தில் அரசனுக்கு இரண்டு உடம்பு என்று நம்பினார்களாம். ஒன்று சாகும், ஒன்று சாகாது.

அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்ட உங்கள் அம்மா, "இந்த மூணு பேர்ல ஒருத்தராவது காலைல எழுந்து வேலைக்குப் போயிருப்பாரா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஆனால் இந்த மூன்றையும் நான் லிங்கி ஆற்றுப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூன்றும் ஒரே நாற்காலியில் நடந்தன.

என் வேலைக் கதையை நீட்ட மாட்டேன். ஆறாம் வகுப்போடு பள்ளி முடிந்தது, ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன், உரம் போட்டேன், புல்லுக்கு மருந்தடித்தேன். பழைய மண்டோருக்குக் கண் மங்கியதும் என்னை மண்டோர், அதாவது ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் மேற்பார்வையாளன், ஆக்கினார்கள். பயிற்சி என்று கேட்டால் அவர் சொன்னது ஒன்றுதான்: "பெரட்டுல யார் மூஞ்சியையும் பாக்காத. பாத்தா பாவமா இருக்கும்."

பெரட்டு என்றால் உங்களுக்குத் தெரியாது, நீங்கள் டாமானில், டவுன் குடியிருப்பில், பிறந்தவர்கள். விடிவதற்கு முன் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் ஆபீசுக்கு முன்னால் இருக்கும் கொட்டகையில் வந்து நிற்க வேண்டும். பெரிய கிராணி, அதாவது ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா, பெயர் கூப்பிடுவார். அவரவர் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். பிறகு யாருக்கு எந்த மர வரிசை என்று நான் சொல்வேன். அதை நாங்கள் நிரை என்போம். சமநிலத்து நிரை கிடைத்தவன் சிரித்துக்கொண்டே போவான். மலை நிரை கிடைத்தவன் என் பரம்பரையை மனதுக்குள் வைதுகொண்டே போவான். ஆனால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். முப்பது நாற்பது பேர் நிற்கிற இடத்தில் தவளைச் சத்தம் மட்டும் கேட்கும். இதைத்தான் எங்கள் துரை "குட் டிசிப்ளின்" என்பார்.

அந்தத் துரையின் பெயர் வர்க்கீஸ். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலம் ஆகியும் மேனேஜரைத் துரை என்றுதான் கூப்பிட்டோம். ஆள் மாறினான், அழைப்பு மாறவில்லை. வர்க்கீஸ் துரை ஜீப்பை விட்டு இறங்க மாட்டார். கண்ணாடியைப் பாதி இறக்குவார், அந்தப் பாதியில் அவர் மூக்கு வரைக்கும் தெரியும். நாம் குனிந்து விஷயத்தைச் சொல்ல வேண்டும். அவருக்கு இஷ்டமில்லை என்றால் "நோ!" என்று ஒரு கத்து. அது ரப்பர் புகைக்கிற கொட்டகை வரை கேட்கும். இஷ்டம் என்றால் ஒன்றும் சொல்ல மாட்டார். "எஸ்" என்று சொல்லிவிட்டால் நாளைக்கு யாராவது அதைப் பிடித்துக்கொள்வார்களே. அதனால் நம்மை ஒரு பார்வை பார்ப்பார், கண்ணாடியை ஏற்றுவார், ஜீப்பை எடுப்பார். அவ்வளவுதான் உத்தரவு.

இது தோட்டத்தில் எழுதாத சட்டம். துரை கத்தினால் இல்லை, பேசாமல் வண்டியை எடுத்தால் சரி. கோயிலுக்குக் கூரை போட்டது இப்படித்தான். ஆயாக்கொட்டகைக்கு, அதாவது வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு, மின்விசிறி வந்தது இப்படித்தான். என் கல்யாணத்துக்கு லீவு கேட்டு நான் ஜீப்பருகே குனிந்து நின்றபோதும் அவர் பேசவில்லை, வண்டியை எடுத்தார். உங்கள் இருவரின் பிறப்புக்கும் ஒரு ஜீப்பின் புகைதான் முதல் சாட்சி.

இனி கன்னியம்மாவுக்கு வருகிறேன்.

கன்னியம்மா எங்கள் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். புருஷன் செத்துப்போய்விட்டார். ஒரே மகள் சிரம்பானில் நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். கன்னியம்மாவுக்கு மலை நிரை. ஒரு மழைக்காலத்தில் முட்டி வீங்கிப் போனது. சரிவில் பால் வாளியோடு விழுந்தாள், ஒரு நாள் பால் முழுதும் மண்ணுக்குப் போனது. "சமநிலத்து நிரை குடுங்க தொரை, இன்னும் வெட்டுவேன்" என்று ஜீப் கண்ணாடிக்குக் கீழே நின்று கேட்டாள். "நோ!" என்றார் துரை. வேலையை முடிக்க முடியாதவருக்கு வேலை இல்லை, வேலை இல்லாதவருக்குத் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் இல்லை. மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லி, ஸ்டோரிலிருந்து ஒரு புதுப் பூட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். அவள் வெளியேறியதும் வீட்டைப் பூட்ட வேண்டியது மண்டோரின் வேலை. மகள் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. அதுவரை தாய்க்கும் மகளுக்கும் அந்த வீட்டை விட்டால் வேறு கூரை இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. அந்த மாதக் கடைசி வருவதற்குள் வர்க்கீஸ் துரைக்கே மாற்றலாகிவிட்டது. அவர் பங்களாவைக் காலி செய்துகொண்டு ஜொகூர் பக்கம் போய்விட்டார். புது மேனேஜர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை.

பூட்டைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நான் கன்னியம்மா வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னா மண்டோரே, பையில என்னா கனமா தொங்குது?"

"அக்கா, உங்களுக்கே தெரியும். தொரை உத்தரவு."

"எந்தத் தொரை?"

"வர்க்கீஸ் தொரை."

"என்னையப் போன்னு சொன்னவரே மூட்டையக் கட்டிட்டுப் போயிட்டாரு. இப்ப போகச் சொல்றது யாரு? நீயா?"

"நான் யாருக்கா சொல்றதுக்கு? தொரைதான்."

"அதான் எங்கய்யா அந்தத் தொரை? காட்டு, நான் பேசிக்கிறேன்."

என்னிடம் காட்டுவதற்கு ஆள் இல்லை. "திருவிழா முடியட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அப்போது மாரியம்மன் திருவிழா நெருங்கியிருந்தது.

எங்கள் கோயிலில் முதல் மரியாதை துரைக்குத்தான். அவர் கிறிஸ்தவராய் இருந்தாலும் சரி, சீனராய் இருந்தாலும் சரி. சாமிக்குத் தீபம் காட்டியதும் துரையின் தலையில் ஒரு பட்டுத்துணியைச் சுற்றிக் கட்டுவார்கள், அதுதான் பரிவட்டம். அதைக் கட்டாமல் ரதம் நகராது. கட்டிக்கொண்டவர் தன் கையாலேயே அதை அவிழ்க்க வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது. அந்த வருடம் ரதம் புறப்படத் தயாராய் நிற்கிறது, மேளம் அடித்து அடித்துச் சோர்ந்துவிட்டது, தலைதான் இல்லை.

"தொரை இல்லாதப்ப நான்தானே தொரை" என்றார் பெரிய கிராணி சுந்தரம், தலையை வாரிக்கொண்டே.

தொழிற்சங்கத் தலைவர் முத்து சிரித்தார். "அப்பிடியா? அப்ப கன்னியம்மாவுக்கு நிரைய மாத்திக் குடுங்க. குடுத்துட்டுக் கட்டிக்குங்க."

"அதெல்லாம் தொரை செய்யற வேலை."

"இப்பதானே நீங்கதான் தொரைன்னீங்க!"

"மரியாதைக்குத் தொரை. வேலைக்கு இல்ல."

கோயில் தலைவர் தனக்குத்தான் என்றார். முத்து, தொழிலாளிக்குத்தான் என்றார். என் பெயரை ஒருவரும் சொல்லவில்லை, அந்த வருத்தம் உங்கள் அம்மாவுக்கு இன்றைக்கும் உண்டு. வெயில் ஏறியது. பூசாரி ரெங்கனுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏய்யா, சாமி வெயில்ல நிக்குது, உங்களுக்குத் தலைக்குச் சண்டையா? வழக்கம் தொரைக்கு. தொரை எதுல உக்காருவாரு?"

"நாற்காலில."

"அது எங்க?"

"ஆபீஸ்ல."

"கொண்டாங்க. மனுசந்தானே மாத்தலாகிப் போனான், நாற்காலி போவல இல்ல?"

ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் ஆச்சரியம். இதைவிட நியாயமான முடிவு இருக்க முடியாது என்பது போல எல்லாரும் தலையாட்டினார்கள். நானே டிராக்டரில் போய் நாற்காலியை ஏற்றி வந்தேன். தேக்கு மரம், கை வைத்தது, முதுகுப் பக்கம் உயரமானது. பூசாரி அதற்குச் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், முதுகின் உச்சியில் பரிவட்டம் கட்டினார். ரதம் நகர்ந்தது. செல்வி, அரசனின் சாகாத உடம்பைப் பற்றிச் சொன்னாயே, அதற்கு நாலு கால் என்பதை உன் பேராசிரியரிடம் சொல்லிவிடு.

திருவிழா முடிந்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. கட்டிக்கொண்டவர்தான் அவிழ்க்க வேண்டும். நாற்காலிக்குக் கை உண்டு, விரல் இல்லை. பரிவட்டத்தோடு அதை ஆபீசுக்குள் வைக்கக் கிராணிக்குப் பயம். பக்கத்தில் உட்கார்ந்து எப்படிச் சிகரெட் பிடிப்பது? அதனால் பெரட்டுக் கொட்டகையிலேயே, நாங்கள் நிற்கிற இடத்துக்கு எதிரே, அது நின்றது.

மறுநாள் காலை பெரட்டு. கிராணி பெயர் கூப்பிட்டு முடித்தார். நான் நிரை சொல்ல வாயெடுத்தேன். வரிசையிலிருந்து கன்னியம்மா வெளியே வந்தாள். கையில் தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, ஒரு வாழைப்பழம். நாற்காலிக்கு முன்னால் போய், ஜீப்புக்குக் குனிகிற மாதிரியே குனிந்தாள்.

"தொரை, எனக்கு முட்டி வலி. மலை ஏற முடியல. பாலத்துப் பக்கத்து நிரையக் குடுங்க, வெட்டுறேன். எம்மவ படிப்பு முடியறவரைக்கும் வீட்ட விட்டுறுங்க. நான் கேட்டது தப்புன்னா இப்பவே கத்திருங்க."

எல்லாரும் நாற்காலியையே பார்த்தோம். பூசாரி ரெங்கனும் எங்களோடு பால் வெட்டுகிறவர்தான், அவர் ஒரு வாய் வெற்றிலையை மென்று முடிக்கிறவரை காத்திருந்தோம். நாற்காலி கத்தவில்லை.

"தொரை ஒண்ணும் சொல்லல" என்றார் பூசாரி.

"அப்ப சரின்னு அர்த்தம்" என்றார் முத்து.

கிராணி, "ஏய், அது நாற்காலிடா!" என்றார்.

"நேத்து நீங்களும்தானே அதக் கும்பிட்டீங்க?" என்றாள் கன்னியம்மா.

பாலத்துப் பக்கத்து நிரை கிராணியின் மச்சானிடம் இருந்தது. அவன் இளம் ஆள், மலையை ஓடியே ஏறுவான். எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவனும் பேசவில்லை. பேசாதவன் சம்மதித்தவன் என்று இப்போதுதான் முடிவாகியிருந்தது, பாவம். நிரை மாறியது. எங்கள் வாயடைப்பை இத்தனை வருடமாய்ச் சம்மதம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர்கள் பக்கத்து வாயடைப்பை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு நாற்காலித் துரையின் ஆட்சி. அவரைப் போல ஒரு துரையை நான் பார்த்ததே இல்லை. குடிப்பதில்லை, கத்துவதில்லை, பெண்களைப் பார்ப்பதில்லை. ஆனால் சுதந்திரம் என்றால் நம் ஆட்களுக்குச் சொல்லவா வேண்டும்? ஒருவன் வந்து லீவு கேட்டான், கிடைத்தது. அடுத்தவன் வாரம் முழுக்க லீவு கேட்டான், அதுவும் கிடைத்தது. ஒருவன் பக்கத்து வீட்டுச் சேவல் தன்னுடையது என்று தீர்ப்புக் கேட்டான், நாற்காலி மறுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரனும் வந்து அதே சேவல் தன்னுடையது என்றான், அதற்கும் மறுக்கவில்லை. இரண்டு பேரும் துரையின் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு சேவலை ஆளுக்கொரு இறக்கையாய் இழுத்தார்கள்.

கிராணிக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா? தொரை இல்லாம ஒருத்தன ஒருத்தன் கடிச்சுத் தின்னுருவீங்க." செல்வியின் முதல் அறிஞர் இவருக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டும்.

கன்னியம்மாதான் அதற்கும் ஒரு வழி சொன்னாள். சட்டம் எல்லாம் படித்துச் சொல்லவில்லை, எரிச்சலில் சொன்னாள். "இனிமே யாரும் தனியா வந்து கேக்கக்கூடாது. பெரட்டுல எல்லாரும் நிக்கும்போது சத்தமா கேளு. நிக்கிறவங்கள்ல ஒருத்தர் வேணாம்னு சொன்னாலும் தொரை வேணாம்னு சொன்னதாத்தான் அர்த்தம். தொரைக்கு வாயில்ல. நமக்கு இருக்கில்ல?"

"அப்ப உன் நிரையவே நான் வேணாம்னு சொன்னா?" என்று வம்புக்குக் கேட்டார் கிராணி.

"சொல்லுங்க. எல்லார் முன்னாடியும் ஏன்னும் சேத்துச் சொல்லுங்க."

கிராணி கூட்டத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மச்சான், "விடுங்க மாமா, எனக்கு மலையே நல்லாருக்கு" என்றான். கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அன்றிலிருந்து பெரட்டில் தவளைச் சத்தம் கேட்கவில்லை, ஆட்கள் சத்தம்தான். வேலைக்குக் கிளம்ப நேரமானது உண்மை. ஆனால் நான் சொன்ன நிரைக்கு யாரும் என்னை மனதுக்குள் வையவில்லை, வைய வேண்டியதை முகத்துக்கு நேரே வைதுவிட்டுப் போனார்கள். வேலையும் நடந்தது. நான் பழைய மண்டோர் சொன்னதை மறந்து ஒவ்வொரு முகமாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

பிறகு ஒரு காலையில் புது மேனேஜர் வந்து இறங்கினார். ஆமாம், ஜீப்பை விட்டு இறங்கினார். கோலா பிலாக்காரர், அஸ்மான் என்று பெயர், சின்ன வயது. கொட்டகையில் காலியாக ஒரு நாற்காலி இருப்பதைப் பார்த்ததும் நேராய்ப் போய் உட்காரப் போனார்.

"ஐயோ!" என்று கொட்டகையே அலறியது. அவர் பாதி உட்கார்ந்தபடி நின்றுவிட்டார்.

கிராணி ஓடிவந்து மலாயில் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினார். இந்தப் பெண்பிள்ளையை வீட்டைவிட்டுப் போகச் சொல்லி உத்தரவு, மண்டோர் பூட்டவில்லை, நிரையையும் மாற்றிக்கொண்டார்கள். அஸ்மான் எங்களைப் பார்த்தார்.

"சியாப்பா பெனார்கான்?" யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார்.

கன்னியம்மா கொஞ்சமும் தயங்கவில்லை. "கெருசி, துவான்" என்று நாற்காலியைக் கைகாட்டினாள்.

அந்த மனிதர் நாற்காலியைப் பார்த்தார், பரிவட்டத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு மறுபடி நாற்காலியைப் பார்த்தார். இவர்களுக்குப் பைத்தியமா, இல்லை தனக்கா என்று யோசித்திருப்பார் போல. நீண்ட நேரம் பேசவே இல்லை. பூசாரி வெற்றிலையை மென்று முடித்துத் துப்பினார்.

"புதுத் தொரையும் ஒண்ணும் சொல்லல" என்றார்.

"அப்ப சரி" என்று முத்து துண்டை உதறினார். கூட்டம் வாளியை எடுத்துக்கொண்டு கலைந்தது. கன்னியம்மா பாலத்துப் பக்கம் நொண்டிக்கொண்டே போனாள்.

அஸ்மான் என்னைத் தனியே கூப்பிட்டார். "மண்டோர், இப்போது நான் எதற்குச் சம்மதித்தேன்?" நான் மலாயில் முடிந்தவரை விளக்கினேன். அவர் ஜீப்பில் சாய்ந்துகொண்டு கேட்டார். கோலா பிலாவில் அவர்கள் குடும்பத்து வீடு அவர் அம்மாவுடையதாம், அம்மாவுக்குப் பிறகு தங்கைக்காம். ஆண்களுக்கு வீடே கிடையாதாம். தலைவரைக்கூட மேலே இருந்து யாரும் அனுப்புவதில்லையாம், குடும்பத்து மூத்தவர்கள் பேசிப் பேசி ஒருமனம் ஆன பிறகுதான் வைப்பார்களாம். "வந்த முதல் நாளே ஒரு அம்மாவை வீட்டைவிட்டு அனுப்பினால் என் அம்மா எனக்குச் சோறு போட மாட்டார்" என்றார். உடனே முகம் மாறியது. "ஆனால் தலைமை ஆபீசில் கேட்பார்களே. என்ன சொல்வது?"

"டியாம் சாஜா, துவான்" என்றேன். பேசாமல் இருங்கள்.

அவர் பேசாமல்தான் இருந்திருக்கிறார். மேலிருந்தும் யாரும் பேசவில்லை. எல்லா மட்டத்திலும் சம்மதம். கன்னியம்மாவின் மகள் நர்ஸாகி, தாயைச் சிரம்பானுக்குக் கூட்டிப் போகிறவரை அந்த வீடு அவளுடையதாகவே இருந்தது. எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைக்காதீர்கள். பெரட்டில் பேசுகிற வழக்கம் அஸ்மானுக்கு அடுத்த மேனேஜர் வந்ததும் நின்றது. தோட்டமும் பிறகு ரப்பரை விட்டுச் செம்பனை எண்ணெய் மரத்துக்கு மாறிவிட்டது. இந்த மாதிரி ஆட்சிகளுக்கு ஆயுசு குறைவு போலிருக்கிறது, அதைப் பற்றி உன் புத்தகத்தில் இருந்தால் எனக்கும் சொல், செல்வி.

குமரா, உன் மீட்டிங்கில் யாரும் பேசவில்லை என்றால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வந்துவிடாதே. அவர்கள் பெரட்டில் நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

அஸ்மான் வந்து இறங்கிய அன்று மதியமே நாற்காலியை ஆபீசுக்குள் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். தனக்கு ஸ்டோரிலிருந்து ஒரு மடக்கு நாற்காலி போதும் என்றார். தேக்கு கனம், தோளில் வைத்துக்கொண்டு நான் ஒருவனாகவே போனேன். கிராணி சாப்பிடப் போயிருந்தார், உள்ளே யாரும் இல்லை. பரிவட்டம் கலையாமல் மூலையில் இறக்கினேன். பையிலிருந்து பூட்டை எடுத்தேன், புதுசாகவே இருந்தது.

குனிந்து நின்று, "தொரை, இத நான் போடல. உங்ககிட்டயே வெச்சிட்டுப் போறேன், சரிங்களா?" என்று கேட்டேன்.

காத்திருந்தேன். வெளியே அஸ்மான் ஜீப்பை எடுக்கிற சத்தம் கேட்டது. பூட்டையும் சாவியையும் நாற்காலியின் மேல் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.